ஸ்பீக்கரில் போடு

கட்டில் காலையிலேயே வந்துவிட்டது.

தலைப்பக்கத்தைத் தூக்க ஒரு கைப்பிடி, இரு பக்கமும் கம்பித் தடுப்பு, கால்களில் சக்கரம். முன்னறையில் சோபா இருந்த இடத்தில் அதைப் போட்டார்கள். சோபா நடைவழியில் செங்குத்தாக நின்றது. இனி குளியலறைக்குப் போகிற எல்லாரும் உடம்பை ஒருக்களித்துத்தான் போகவேண்டும்.

மெக்கானிக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தான். தலைப்பக்கம் முனகிக்கொண்டே எழுந்தது.

"நாள் பூரா லிஃப்ட்டோட மாரடிக்கிறது பத்தாதுன்னு வீட்டுக்கும் ஒண்ணு வந்தாச்சு," என்றான்.

பெரியவள் சிரித்தாள். அவள் கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். 'மெக்கானிக்' என்பது கல்யாணமான புதிதில் அவள் அப்பா குத்தலாக வைத்த பெயர். இவன் அதற்குக் கோபப்படவே இல்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்றான். நாளடைவில் குத்தல் தேய்ந்து பெயர் மட்டும் மிஞ்சியது. அப்பா யாருக்கும் சும்மா பெயர் வைக்க மாட்டார். ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற பெரியவளை டாக்டரம்மா என்பார். சின்னவளுக்கு வாலு.

அந்த அப்பாதான் இன்று பிற்பகல் இந்தக் கட்டிலுக்கு வரப்போகிறார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னபோது பெரியவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்கு வரட்டும் என்றாள். அம்மாவும் அதை நம்பிப் பழைய வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாலு போன் செய்கிற வரை.

"நீ அவரைக் கூட்டிட்டு வந்தா, நான் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் அக்கா."

வேறு ஊரில் ஒரு சின்ன கம்பெனியில் வீடியோ கேம்கள் செய்கிறவள் அவள். அந்த விளையாட்டுகளுக்குள் நடக்கிறவர்களுக்கு அறைகளும் மாடிப்படிகளும் கட்டித் தருவது அவள் வேலை. அக்காவிடம் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை. அதனால்தான் பெரியவள் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏன்னு சொல்லுடி."

"வாயால வரல."

"வாயால வராம வேற எதால வரும்?"

"என்னோட புதுசு ஒண்ணு வந்திருக்கு. சின்னதுதான். நம்பர் அனுப்பறேன், அதைப் போட்டா டவுன்லோட் ஆகும். அவர் வர்றதுக்கு முன்னாடி விளையாடிடு. அதுக்கப்புறமும் கூட்டிட்டு வரணும்னு தோணிச்சுன்னா கூட்டிட்டு வா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். வரவும் மாட்டேன்."

அப்பாவா, தங்கையா என்று யாரோ கைக்கு ஒன்றாகக் கொடுத்து நிறுத்தி வைத்தது போல இருந்தது பெரியவளுக்கு. அதற்கு ஒரு விளையாட்டா? எரிச்சலில் அவள் அந்த நம்பரைத் தொடவே இல்லை. இன்று தொட்டாக வேண்டும். இன்றைக்கு மேல் நாளில்லை.

"இதை எப்படிப் போடறதுங்க?" என்றாள்.

மெக்கானிக் ஸ்பேனரைப் பைக்குள் வைத்துவிட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். அவன் ஓய்வு நேரத்தில் விளையாடுகிறவன். கேம் பெட்டி, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் எல்லாம் வீட்டில் இருந்தன.

"இது முழு கேம் இல்ல. ஏற்கெனவே வந்த பெரிய கேமுக்கு ஒரு ஒட்டு மாதிரி. பெரிசை நான் ஆடியிருக்கேன். யாருமில்லாத குடியிருப்புல ஒருத்தி தப்பிச்சவங்களைத் தேடிட்டுப் போவா. துப்பாக்கியில குண்டு இருக்காது, டார்ச்சுல பேட்டரி இருக்காது, எதுவுமே போதாது. அதுதான் பயமே. அதுல ஒரு வீட்டுல போன் இருக்கும். எடுத்தா ஒரு சின்னப் பொண்ணு 'நான் நல்லா இருக்கேன்'னு சொல்லிட்டு வச்சிரும். அது எங்கிருந்து பேசுதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியல."

"இந்த ஒட்டுல?"

"இதுல நீதான் அந்தப் பொண்ணு." கன்ட்ரோலரை அவள் கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினான். "இது நடக்க. இது திரும்ப. இதை அழுத்தினா மூச்சைப் பிடிச்சுக்கும். ரொம்ப நேரம் பிடிச்சா இருமல் வந்துரும், பார்த்துக்க."

"பயமா இருக்குமா?"

"எலும்புக்கூட்டைப் பார்த்துட்டு வந்து நிம்மதியா சாப்பிடறவ நீ. உன்னைப் பார்த்து அதுதான் பயப்படணும்."

செருப்பைப் போட்டுக்கொண்டே வாசலில் திரும்பி நின்றான். "கூட யாராவது வேணுமா? லீவு சொல்லிடறேன்."

"போங்க. சின்னப்பிள்ளை விளையாட்டுக்கு லீவா?"

அவன் போனதும் ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். வெளியே நல்ல வெயில். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். சோபா இல்லாததால் அப்பாவின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தை கீழே கரகரத்தது.

ஒரு வீடு. கூடம், சமையலறை, ஓர் அறை, அதில் ஓர் அலமாரி.

முதலில் அவளுக்கு வந்தது ஆறுதல். இது அவர்கள் வீடு இல்லை. ஜன்னல் வேறு பக்கம் இருந்தது. தரை வேறு நிறம். சும்மா பயந்தோம் என்று நினைத்தாள். பார்வை அந்தப் பெண்ணின் கண் வழியாகத்தான். அவள் முகம் தெரியாது. எதையாவது தொடும்போது இரண்டு சின்னக் கைகள் மட்டும் முன்னால் நீளும். நகத்தில் அழுக்கு. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ பொம்மைப்படம்.

பெரியவள் சுவரில் முட்டினாள். நாற்காலியில் முட்டினாள். கூரையைப் பார்த்தபடி சமையலறைக்குள் நடந்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

டிவி நின்றது.

அவ்வளவுதான். கதவு இடிக்கவில்லை, உறுமல் இல்லை. பொம்மைப்படத்தின் சத்தம் பாதியில் அறுந்தது. திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது: ஒளிந்துகொள்.

அவள் உடம்பு, அவள் யோசிப்பதற்கு முன்னால், அந்த டிவியை அடையாளம் கண்டது.

அப்பா வேலையிலிருந்து வந்ததும் முதலில் செய்வது அது. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், டிவியை அணைப்பார். பிள்ளைகள் படிக்கட்டும் என்று அணைக்கிறார் என்றுதான் பெரியவள் எடுத்துக்கொண்டிருந்தாள். தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள். எங்கப்பா வந்தா வீடே கப்சிப்.

திரையில் ஏதோ ஒன்று கூடத்திலிருந்து வந்தது. உயரமாக. முகம் இருக்கவேண்டிய இடத்தில் நிழல். அவசரமே இல்லாத நடை. பெரியவள் தவறான பொத்தானை அழுத்தினாள். படம் கறுத்தது. மீண்டும் அதே கூடம், அதே பொம்மைப்படம்.

அடுத்த தடவை டிவி நின்றதும் ஓடினாள். அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். உள்ளே மடித்த போர்வை ஒன்று. மேலே ஒரு பிஸ்கட் பொட்டலம். யாரோ முன்கூட்டியே வைத்தது. மூச்சைப் பிடித்தாள். நிஜமாகவே தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது நெஞ்சு வலித்தபோதுதான் தெரிந்தது.

கதவிடுக்கில் நிழல் நின்றது. போயிற்று.

அப்படியே பகல் நகர்ந்தது, திரையில். அது வரும், போகும். சில தடவை தப்பினாள். ஒரு தடவை தப்ப முடியவில்லை. அந்தத் தடவை விளையாட்டு அவளைச் சாகடிக்கவும் இல்லை. படம் கறுத்து, கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டு, மீண்டும் வெளிச்சம் வந்தது. பிஸ்கட்டை எடுக்கக் கை நீண்டபோது இடது சுண்டுவிரல் கோணலாக இருந்தது.

பெரியவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

நடு மூட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் திரும்பிய விரல். இப்போதும் வாலு டீ டம்ளரைப் பிடிக்கும்போது தனியாக நிற்குமே, அதே விரல். சைக்கிளிலிருந்து விழுந்தாள் என்று சொன்னார்கள். பெரியவள் அப்போது வெளியூர் ஹாஸ்டலில் தங்கி எக்ஸ்ரே படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்தபோது அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "கையைத் தரையில ஊணினா மணிக்கட்டுதானேடி போகும், உனக்கு மட்டும் சுண்டுவிரல் போயிருக்கு. வாலுன்னா வாலுதான்," என்று சிரித்தாள். தான் கற்ற பாடத்தையே வேடிக்கையாகச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். வாலுவும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். சிரித்தாளா?

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். டிவியை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் திரையில் போன் அடிக்க ஆரம்பித்தது.

கூடத்து மேசையில் பழைய போன். சுருள் ஒயர். பக்கத்தில் சிவப்பாக ஸ்பீக்கர் பொத்தான்.

கோண விரலுள்ள கை ரிசீவரை எடுத்தது. வேறு யாரோ பேசிய குரல்தான். வார்த்தைகள் பெரியவளுடையவை.

"ஏய் வாலு. சாப்ட்டியா? என்ன சத்தமே காணோம்? இரு இரு, ஸ்பீக்கர்ல போடு. அப்பா அம்மா எல்லாரும் கேக்கட்டும். ஒரே போன்ல எல்லார்கிட்டயும் பேசிடறேன்."

பெரியவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஹாஸ்டல் வராந்தாவில் போனுக்கு வரிசை நிற்கும். அவள் முறை வந்ததும் முதலில் சொல்வது அதுதான். ஸ்பீக்கரில் போடு. அவளுக்கு வீடு முழுதாகக் காதில் விழவேண்டும்: அம்மா பாத்திரம் வைக்கிற ஓசை, அப்பாவின் 'என்ன டாக்டரம்மா', பின்னால் வாலு. வைத்துவிட்டு வந்து படுத்தால் அன்று நன்றாகத் தூக்கம் வரும். எங்கள் வீட்டில் ஒளிவுமறைவே கிடையாது என்று மற்றப் பெண்களிடம் சொல்வாள். ஒரு தடவையாவது, வாலுவிடம் மட்டும் பேசணும், போனைக் காதில் வைத்துக்கொள் என்று சொன்னதுண்டா? தேடினாள். இல்லை.

திரையில் சிறுமியின் கை சிவப்புப் பொத்தானை அழுத்தியது. அந்த உயரமான நிழல் பின்னால் வந்து நின்றது. தோளுக்கு மேல் அதன் மூச்சு.

மூன்று பதில்கள் தோன்றின.

நான் நல்லா இருக்கேன்.
எப்ப வருவே?
அக்கா, நான் சொல்றதைக் கேளு.

மூன்றாவதை அழுத்தினாள். "அக்கா, நான் —" என்றது சின்னக் குரல். நிழலின் கை முன்னால் வந்தது. கறுப்பு.

மீண்டும் போன் அடித்தது.

எப்ப வருவே என்றாள். "பரீட்சை முடியட்டும்டி, வந்துடறேன். ஏன், அங்க என்ன?" என்றது போன். பதில் சொல்ல நேரமில்லை. கை. கறுப்பு.

போனை எடுக்காமல் விட்டாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கே நிழல் வந்தது. ஸ்பீக்கரை அணைத்துப் பார்த்தாள். நிழல் தானே குனிந்து மீண்டும் அழுத்தியது. ரிசீவரோடு அலமாரிக்கு ஓடப் பார்த்தாள், ஒயர் எட்டவில்லை. வாசலுக்கு ஓடினாள். சமையலறைக்கு ஓடினாள். மீண்டும் மூன்றாவது. இன்னும் சீக்கிரமாக அழுத்தினால் முழு வாக்கியமும் வந்துவிடுமோ என்று மீண்டும். 'அக்கா, நான்' என்பதற்கு மேல் ஒரு சொல் அவளால் அந்தப் பெண்ணைப் பேச வைக்க முடியவில்லை.

எத்தனை தடவை என்று தெரியாது. விரல் நுனி சிவந்துவிட்டது. எதிர்முனையில் இருக்கிற அந்தச் சந்தோஷக் குரலை அவள் வெறுக்க ஆரம்பித்திருந்தாள். அதற்கு என்ன அவ்வளவு சந்தோஷம்? ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு கேட்டால் என்ன?

கடைசியில் முதல் பதிலை அழுத்தினாள்.

"நான் நல்லா இருக்கேன்."

"அதானே. சரி, சமத்தா இரு. வைக்கட்டா?"

கை ரிசீவரை வைத்தது. நிழல் விலகியது. சிறுமி மெல்ல நடந்து டிவிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து நீண்ட கை ஒன்று வந்து டிவியைப் போட்டுவிட்டது. பொம்மைப்படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. சின்னக் கைகள் மடியில் இருந்தன. அப்படியே பெயர்கள் மேலே போக ஆரம்பித்தன.

முடிந்துவிட்டது.

அவளுக்கு முதலில் வந்த கோபம் அப்பா மீது வந்ததல்ல. அதை அவளால் பிறகும் மறக்க முடியவில்லை. கோபம் வாலு மீது வந்தது. இதைப் போய் ஊருக்கே கடை விரித்திருக்கிறாளே. யார் யாரோ, காசு கொடுத்து, நம் வீட்டுக் கூடத்தில் நடந்து விளையாடுகிறார்களே.

போனை எடுத்து அந்த ஒட்டின் பெயரைத் தேடினாள். ஆடியவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். ரொம்பச் சின்னது, என்றார் ஒருவர். பேயே சரியாக வரவில்லை, என்றார் இன்னொருவர். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'போன் காட்சியில் மூன்று பதில் கொடுத்துவிட்டு ஒன்றுதான் வேலை செய்கிறது. அப்புறம் எதற்கு மற்ற இரண்டு? சோம்பேறித்தனம்.'

பலர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள்.

பெரியவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. போன இடத்தில் வேறொன்றும் வந்து உட்காரவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் துளை போடுவது நின்றிருந்தது. அப்பாவின் மெத்தையில் தான் உட்கார்ந்த இடம் குழிந்திருந்ததைப் பார்த்தாள். எழுந்தாள். அதைத் தட்டிச் சமமாக்கக் கை போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். துண்டுகள், பிளாஸ்க், மருந்துப் பை. அப்பாவுக்குச் சட்டை மாட்டி, தலை சீவி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் பெரியவளைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கண்ணில் நீர் வந்தது. இப்போதெல்லாம் அவருக்கு எதற்கெடுத்தாலும் நீர் வருகிறது.

"ஏன்டி இவ்வளவு நேரம்? வேன்காரன் ரெண்டு தடவை வந்து பார்த்துட்டான்," என்றாள் அம்மா. "கட்டில் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மெத்தை?"

"அம்மா, கொஞ்சம் வெளிய வா."

"இங்கேயே சொல்லேன்."

"வெளிய வா."

வராந்தாவில் ஜன்னலோரம் நின்றார்கள். அம்மா கையோடு ஒரு துண்டைக் கொண்டு வந்திருந்தாள்.

"வாலு சுண்டுவிரல் எப்படி ஒடிஞ்சது?"

"என்ன இப்ப திடீர்னு? சைக்கிள்ல —"

"அம்மா."

அம்மா துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"கதவு," என்றாள். "கதவிடுக்குல கை இருக்கறது தெரிஞ்சேதான் சாத்தினாரு."

நர்ஸ் ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்த டிராலிக்கு இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"அலமாரியில போர்வை வச்சது நீதானா?"

அம்மா நிமிர்ந்தாள். "அதைச் சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல."

"வேற என்ன பண்றது நான்? எதிர்த்து நின்னா இன்னும் ஏறும் அவருக்கு. டிவி நின்ன உடனே உள்ள போயிடுன்னு சொல்லி வச்சேன். பசிச்சா சாப்பிட ரெண்டு பிஸ்கட் வச்சேன். என்னால ஆனது அவ்வளவுதான்." குரல் தழையவில்லை. கணக்குக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"உனக்குப் பரீட்சை."

"எல்லா வருஷமுமா?"

"ஆமா. எல்லா வருஷமும் பரீட்சைதான் உனக்கு. நீ போன் பண்றப்ப அவ்வளவு சிரிச்சுப் பேசுவே. ஒருத்தியாவது நிம்மதியா இருக்காளேன்னு இருக்கும். அதையும் ஏன் கெடுக்கணும்? நான்தான் அவகிட்ட சொன்னேன், அக்காகிட்ட மூச்சு விடாதேன்னு."

பெரியவளுக்கு அம்மாவை உலுக்கவேண்டும் போலிருந்தது. அதே நேரம் அந்தத் துண்டைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அவர் என் வீட்டுக்கு வரவேண்டாம்மா."

அம்மா அவளைப் புரியாமல் பார்த்தாள். "வேற எங்க போவாரு?"

"கேட்டுப் பார்க்கலாம். படுக்கையில கிடக்கறவங்களைப் பார்த்துக்கற இடம் இருக்கு. நீ மட்டும் என்கூட வா."

"இப்ப கொசு கடிச்சாக்கூட அவரால அடிக்க முடியாது. சோத்தை வாயில ஊட்டணும். வெளிக்குப் போனா கழுவி விடணும். இனி அவரைப் பார்த்து யாருக்கு என்ன பயம்?"

"வாலு வரமாட்டா."

"அவ எப்ப வந்தா? வருஷத்துக்கு ஒரு தடவை வந்து செருப்பைக் கழட்டாமயே நின்னுட்டுப் போறவ." அப்புறம் மெதுவாக, "வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டேன்டி. உன்னை நம்பித்தான் கொடுத்தேன். அவரை ஒரு இடத்துல தள்ளிட்டு உன் வீட்டுல நான் உட்கார்ந்து சாப்பிட்டா, ஊர் இருக்கட்டும், எனக்கு இறங்குமா?"

"இத்தனை வருஷம் இறங்கிச்சே."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"மருந்து வாங்கணும். கீழே போய் வாங்கிட்டு வரேன். நீ அவரை லிஃப்ட்டுல இறக்கி வாசல் பக்கம் கொண்டு வா. அப்புறம் பேசுவோம்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அப்புறம் பேசுவோம். அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் தள்ளப்பட்டிருக்கிறது.

பெரியவள் சக்கர நாற்காலியைத் தள்ளினாள். ஸ்கேன் சென்டரில் தினமும் தள்ளுகிறவள்தான். கை தானாக வேலை செய்தது. லிஃப்ட்டில் அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தபடி நின்றாள். முடி மெலிந்திருந்தது. அம்மா சீவிய கோடு நேராக இருந்தது. இந்தத் தலையை அவளுக்குப் பிடிக்கும். அதுவும் பொய் இல்லை. அவளைத் தோளில் தூக்கிப் போனவர், ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் பஸ் ஏறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தவர், இதே ஆள்தான். இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் எளிது. ஒரே ஆள்தான் இருந்தார். அவளுக்கு ஒரு பக்கம் காட்டினார், வாலுவுக்கு மறுபக்கம்.

அவர் நல்ல கையைப் பின்னால் நீட்டி அவள் விரல்களைத் தடவினார். சூடான கை. அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. இழுக்கவேண்டும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே நின்றாள். லிஃப்ட் கீழே வந்துவிட்டது.

முன்கூடத்தில் கூட்டம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேன் பின்பக்கம் திறந்து நின்றது. வேன்காரன் இவர்களைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். மருந்துக் கடை வரிசையில் அம்மாவின் முதுகு தெரிந்தது.

போன் அடித்தது. வாலு.

பெரியவள் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்தபடி எடுத்தாள்.

"அக்கா."

"ம்."

"நான் அனுப்பின நம்பர்ல, நீ முடிச்சுட்டேன்னு எனக்குக் காட்டிச்சு."

"முடிச்சேன்."

"ரொம்ப நேரம் போன்லயே நின்னிருக்கே."

"மூணாவதைத்தான் அழுத்திட்டே இருந்தேன். அது வேலை செய்யல வாலு."

"தெரியும்."

"ஒரு தடவையாவது வேலை செய்யற மாதிரி வச்சிருக்கலாமே."

"வச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. அந்த அக்கா உடனே கிளம்பி வந்து கதவைத் தட்டுவா. பொண்ணைத் தூக்கிட்டுப் போயிடுவா. பார்த்தா பொய்யா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

பெரியவள் கண்ணை மூடித் திறந்தாள். கேட்கவேண்டியது ஆயிரம் இருந்தது. அதில் எதுவும் வாயில் வரவில்லை. மிகச் சாதாரணமான ஒன்றுதான் வந்தது.

"நீ எப்படி இருக்கே?"

பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. ரொம்பத் தாழ்ந்த குரல்.

"பக்கத்துல யாரு இருக்கா?"

பெரியவள் கீழே பார்த்தாள். அப்பா முகத்தைத் தூக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுதான் போயிருந்தது. காது நன்றாகக் கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

யாருமில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவ்வளவு சுலபமாக வந்தது.

"அப்பா," என்றாள்.

மறுமுனையில் மூச்சு நின்றது. அந்த மௌனம் பெரியவளுக்கு இப்போது தெரிந்த மௌனம். காலையில் அதற்குள் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"வச்சிடாத. வாலு, வச்சிடாத. நான் நடக்கறேன்."

காலால் நாற்காலியின் பிரேக்கை அழுத்தினாள். கைப்பிடியிலிருந்து விரல்களை எடுத்தாள். பின்னால் அப்பா ஏதோ குரல் கொடுத்தார். 'டா' என்று தொடங்கி முடியாமல் இழுபட்ட ஒரு சத்தம். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வேன்காரன் எதிரே வந்து, "பேஷன்ட் எங்கம்மா?" என்றான். கையைக் காட்டி விலகச் சொல்லிவிட்டு, வேனைத் தாண்டி, வெயிலில் மதில் ஓரமாகப் போய் நின்றாள்.

கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. அம்மா மருந்துப் பையோடு வரிசையிலிருந்து வெளியே வந்தாள். நடுக்கூடத்தில் தனியாக நிற்கும் நாற்காலியைப் பார்த்தாள். ஓட்டமாக வந்து அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாலாபக்கமும் தேடினாள். அவள் வாய் பெரியவளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது தெரிந்தது.

பெரியவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இப்ப யாரும் இல்ல," என்றாள். "சொல்லு."